கெட்டிமேளம் இல்லாத கல்யாணம்

என் அப்பாவுக்குக் கொடைக்கானலில் வாடகைச் சாமான் கடை. நாற்காலி, ஜமக்காளம், பந்தல் துணி, அண்டா, பீங்கான் கோப்பை எல்லாம் அங்கே கிடைக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு பங்களாவாகக் காலி செய்துகொண்டு கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போனதை ஏலத்தில் எடுத்துத்தான் அப்பா கடையைப் பெருக்கினார். அப்படி ஒரு பங்களாவில் நாற்காலிகளோடு சேர்ந்து வந்ததுதான் ஹார்ப் என்கிற அந்தச் சீமை வாத்தியம். ஆள் உயரம், அதற்கு மேலேயும் ஒரு சாண். மேலிருந்து கீழாக வரிசையாகத் தந்திகள், இடையிடையே சிவப்பிலும் கறுப்பிலும். காலால் மிதிக்கக் கீழே கட்டைகள். “என்னம்மா இது, தறியா?” என்று அப்பா என்னிடம் கேட்டார்.

நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம்தான். நான் படித்தது மட்டும் மிஷன் பள்ளிக்கூடம். அங்கே காலை ஜெபத்துக்குப் பியானோ வாசித்த தைரியத்தில், ஹார்ப்போடு வந்த கிழிந்த புத்தகத்தைப் பார்த்து, விரல் கொப்பளிக்கக் கொப்பளிக்கப் பழகினேன். இரண்டு வருஷத்தில் கேட்கும்படியாக வாசிக்க வந்தது. அப்பா விடுவாரா? “நாற்காலி இருக்குங்க, பந்தல் இருக்குங்க, ஆர்ப்பு இருக்குங்க, வாசிக்க நம்ம புள்ளையும் இருக்குங்க” என்று கடைக்கு வருகிறவர்களிடம் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கிவிட்டார். அண்டாவோடும் கரண்டியோடும் ஒரே லாரியில் நானும் போனேன். அண்டாவையாவது திருப்பித் தரும்போது கழுவித் தருவார்கள்.

கல்யாணத்தில் ஹார்ப் வாசித்தேன் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்ணை விரிக்கிறார்கள். ஒன்றும் விரிக்க வேண்டாம். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். மிச்சமிருந்த வெள்ளைக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில், மணப்பெண் தேவாலயத்துக்குள் வரும் நேரம் மட்டும் வாயை மூடிக்கொள்வார்கள். அதுவும் அவளுடைய கவுனைப் பார்க்கத்தான். அப்புறம் கேக்கு வெட்டும் இடத்தில் ஒரு மூலையில் என்னை உட்காரவைத்து, என் தலைக்கு மேலாகவே குதிரைப் பந்தயம் பேசுவார்கள். ஒரு துரைசானி என் விரலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உங்கள் ஜனங்களுக்குக் கூட இது வருகிறதே!” என்றாள். பாராட்டாம். நல்லா வந்துச்சு பாராட்டு.

நம் ஆட்கள் அதற்கு மேலே. காப்பியிலும் உருளைக்கிழங்கிலும் காசு சேர்ந்துபோய், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாத வீடுகள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தன. போய் இறங்கியதும் ஹார்ப்புக்குச் சந்தனம் பூசுவார்கள், குங்குமம் வைப்பார்கள். ஒரு வீட்டில் திருஷ்டி கழிய எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டார்கள். தந்தி எல்லாம் ஆட்டுக்குடலில் திரித்தது என்பதை நான் வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பூசின சந்தனத்தை வழித்து எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். “சினிமாப் பாட்டு வருமா?” என்பார்கள். வரும் என்றால், வாசிக்கத் தொடங்கியதும் எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள். மூடுபனி இறங்கினால் சுருதி ஓடிவிடும், நடுப்பாட்டில் தந்தி படீரென்று அறுந்து முகத்தில் அடிக்கும். அதுகூட ஒருத்தருக்கும் தெரியாது.

இப்படிப் பத்து வருஷம் வாசித்த பிறகு, அறுபதுகளின் தொடக்கத்தில், தாண்டிக்குடியில் காப்பித் தோட்டமும் கொடைக்கானலில் ஏரிக்கு மேலே பங்களாவும் வைத்திருந்த ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம். மனுஷர் பேச்சில் மூச்சுக்கு மூச்சு ‘நாலு பேர்’ வரும். நாலு பேர் பார்க்கணும், நாலு பேர் மெச்சணும், நாலு பேர் என்ன சொல்லுவாங்க. அந்த நாலு பேர் யாரென்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

“மேளம் எல்லாப் பயலும் வைக்கிறதுதானுங்க” என்றார் அப்பாவிடம். “சீமையில ராசா வீட்டுக் கல்யாணத்துல இந்த ஆர்ப்புத்தானாம். நம்ம வீட்டுலயும் அதுதான். நாயனம், தவிலு ஒண்ணும் கெடையாது. நாலு பேர் அசந்து போகணும்.”

“தாராளமாங்க. நம்ம புள்ளை கையை வச்சா பந்தலே சொக்கிப் போயிரும்” என்றார் அப்பா.

நான் உள்ளே கோப்பை துடைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எதற்கு என்று நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. அந்த நேரம் பார்த்து யாராவது தும்முவார்கள், எவளாவது மூக்கைச் சிந்துவாள், எவன் வாயிலாவது வரக்கூடாத வார்த்தை வரும். அதெல்லாம் மணவறையில் இருப்பவர்கள் காதில் விழக்கூடாது. அதனால்தான் அய்யர் விரலைத் தூக்கி ஆட்டியதும் தவில்காரர் பந்தல் அதிர அடிப்பார். அந்த வேலைக்குப் போய் ஹார்ப்பை வைக்கிறாராம். கொசுவை விரட்டக்கூட அதன் சத்தம் போதாது.

அடுத்த வாரம் கல்யாணப் பெண்ணே வந்தாள், பாட்டுத் தேர்ந்தெடுக்க. நான் படித்த பள்ளிக்கூடத்தில்தான் எனக்குப் பின்னால் பல வருஷம் கழித்துப் படித்தவள். பத்தொன்பது வயசு இருக்கும். கார் வெளியே நின்றது. எனக்குத் தெரிந்த நல்ல பாட்டாக ஒன்று வாசித்தேன். அவள் விரலையும் பார்க்கவில்லை, தந்தியையும் பார்க்கவில்லை. பாதியிலேயே கேட்டாள்.

“அக்கா, இது எம்புட்டுத் தூரம் கேக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. “முன்னால உக்காந்திருக்கவங்க பேச ஆரம்பிச்சா இதுவும் கேக்காது” என்றேன், வெடுக்கென்று.

“அப்பச் சரிக்கா” என்றாள். வந்ததிலிருந்து அப்போதுதான் முகம் தெளிந்தது.

வந்த கோபத்தில் ஹார்ப்பைச் சாய்த்து வைத்துவிட்டு, பாட்டு வேண்டாமென்றால் எதற்கு வந்தாய் என்று கேட்டேன். அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவளுடைய அக்காவை ஒரு லாரிக்காரர் வீட்டு மூத்த மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா இரண்டு முறை கையில் கட்டோடு திரும்பி வந்தாள். இரண்டு முறையும் அவள் அப்பா ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு ஜீப்பில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது அதே வீட்டு இளைய மகனுக்கு இவள்.

“எங்கக்கா தாலி கட்டுறப்பவே வேண்டாம்னு சொன்னாக்கா. நான் ஒட்டி நின்னேன். எனக்கே வாய் அசைஞ்சதுதான் தெரிஞ்சுச்சு. எங்க மாமா வெரலை ஆட்டிட்டாரு, மேளம் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கேட்டா, எந்தப் பொண்ணுதான் அந்நேரம் அழுகலைங்கிறாங்க.”

“உங்கப்பாகிட்ட நீ சொல்லலையா?”

“சொல்லாமயா? போகப் போகச் சரியாப் போயிரும்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. வீட்டுக்குள்ள சொன்னா யாருக்கா கேக்குறா? சபையில சொல்லணும். எங்கப்பா சாமிக்குக்கூடப் பயப்பட மாட்டாரு, நாலு பேருக்குத்தான் பயப்படுவாரு. அம்புட்டுப் பேரு காதுலயும் விழுந்துருச்சுன்னா அப்புறம் எப்படிக் கட்டுவாங்க?”

ஹார்ப் யோசனையே அவளுடையதுதான். சீமை, ராசா வீடு என்று இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா காதில் போட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் அது அவருடைய சொந்த யோசனையாகிவிட்டது. கெட்டிக்காரி. என் வாத்தியத்தை அது கேட்காது என்பதற்காகவே தேர்ந்தெடுத்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் கேட்பதாகப் பாவனை செய்தவர்கள்.

“அய்யர் கெட்டிமேளம்னு சொன்னதும் நீங்க கையை எடுத்துரணும்க்கா. அது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிருவேன்” என்றாள்.

சரி என்றேன். அவள் கணக்கு எனக்கும் சரியாகவே பட்டது. ஊர் வாய்க்குப் பயந்த மனுஷன் ஊருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.

வைகாசியில் கல்யாணம். முந்தின நாள் வெள்ளனே பந்தல் சாமான் லாரியில் போனது. ஹார்ப்பை உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டு ஜீப்பில் படுக்கவைத்தார்கள். “ஏலே, பாடையில கட்டுன மாதிரியில்ல கெடக்கு” என்றான் சாமான் ஏற்றியவன். “நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயைக் கழுவுடா” என்று டிரைவர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். பெருமாள் மலையிலும் பண்ணைக்காட்டிலும் நின்று நின்று, ஒவ்வொரு வளைவிலும் நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தாண்டிக்குடித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சுற்றிலும் சவுக்குமரம், அதற்கு அப்பால் மலை. கைதட்டினால் எதிர்மலையில் கேட்கும் இடம். தோட்டக்காரர், பெண்ணின் அப்பா, என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். பந்தல் கோடியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

“ஒண்ணுமே கேக்கலையேம்மா!”

“இதுக்குச் சத்தம் இம்புட்டுத்தாங்க.”

“நாலு பேர் சிரிப்பாங்களே!” என்று அலறிவிட்டு, வத்தலக்குண்டுக்கு ஜீப்பை விரட்டி மைக் செட்டுக்காரரைப் பிடித்துவந்தார். கார் பேட்டரியில் ஓடுகிற செட்டு. மரத்துக்கு மரம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள், சமையல் கொட்டகைப் பக்கம்கூட ஒன்று. மணவறையை ஒட்டி எனக்கு இடம் போட்டு, மைக்கை எனக்கு முன்னால் நிறுத்தினார்கள். சாயங்காலம் எல்லாரும் பலகாரம் தின்னப் போனபோது நான் அதை மணவறைப் பக்கமாக ஒரு முழம் நகர்த்தி வைத்தேன். என் சத்தம் குறைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. எப்போது கவனித்தார்கள்?

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதுமே மாப்பிள்ளையின் அம்மா பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மேளத்தை எங்க காணோம்? இது கல்யாண வீடா, துட்டி வீடா?” என்று கேட்டாள். தோட்டக்காரர் என்னைக் காட்டினார். அந்தம்மா என்னையும் ஹார்ப்பையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளதைச் சொன்ன முதல் ஆள் அன்றைக்கு அவள்தான். மதுரையிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரியும் அவர் மனைவியும் முன் வரிசையில் உட்கார்ந்து, “ரொம்பப் புதுமையா இருக்கே!” என்று சொல்லிவிட்டதால் பேச்சு அதோடு அடங்கியது.

மாப்பிள்ளை சங்கிலி சட்டைக்கு மேலே தெரியும்படி வந்து உட்கார்ந்தார். பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பின்னால் அவளுடைய அக்கா நின்றாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் வழக்கம்போல நிலம், மழை, காப்பி விலை என்று பேசிக்கொண்டிருந்தது. பெண் ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சொல்வாளா, கடைசி நேரத்தில் பயந்துவிடுவாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

தாலித் தட்டு எல்லார் கையும் தொட்டுத் திரும்பி வந்தது. அய்யர் பழக்கதோஷத்தில் விரலைத் தூக்கி ஆட்டி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தந்தியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பேச்சு நின்றது. சமையல் கொட்டகையில் கரண்டி உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. அக்காக்காரி தங்கையின் கூந்தலைத் தூக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளை தாலியை நீட்டினார்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்றாள் பெண்.

அழவில்லை, முணுமுணுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலத் தெளிவாகச் சொன்னாள். மரத்துக்கு மரம் இருந்த குழாய் எல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. எதிர்மலையும் சொன்னது. கொட்டகையில் கரண்டி நின்றுவிட்டது. “எங்கக்காவை அடிக்கிற வீட்டுக்கு நான் போக மாட்டேன். வேண்டாம்” என்று இரண்டாம் முறையும் சொன்னாள்.

ஆச்சு, அவ்வளவுதான், இனி நடப்பதைப் பார்க்கலாம் என்று நான் முன் வரிசையைப் பார்த்தேன். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனைவி மடியிலிருந்த பேரக்குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். யாரோ இருமினார்கள். தோட்டக்காரர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நாலு பேரையும் பார்த்தார். நாலு பேரும் கையில் அட்சதையை வைத்துக்கொண்டு, எப்போது போடுவது என்று காத்திருந்தார்கள். ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தர் “என்னம்மா சொல்றே?” என்று கேட்கவில்லை. அதைப் பார்த்ததும் தோட்டக்காரருக்கு மூச்சு வந்துவிட்டது.

“புள்ளை காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல” என்றார் பெண்ணின் மாமா, பொதுவாகப் பந்தலைப் பார்த்து. “நேரம் போகுது. வெரசாக் கட்டுங்க மாப்பிள்ளை.”

அய்யர் விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைப் பிடித்தார். மாப்பிள்ளை கட்டினார். மூன்றாம் முடிச்சை அவர் தங்கை குனிந்து போட்டாள். அக்கா பிடித்த கூந்தலை விடவில்லை. அட்சதை விழுந்தது, என் மேலேயும்கூட. தந்திகளுக்கு நடுவில் அரிசி சிக்கிக்கொண்டது. “வாசிம்மா, வாசி” என்று என் அப்பா பின்னாலிருந்து கெஞ்சினார். நான் கையைத் தூக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு வாசிப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பந்தி தொடங்கியதும் அதிகாரியின் மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“ரொம்ப அருமை. அதுவும் தாலி கட்டுற நேரத்துல நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் அழகு. வெள்ளைக்காரங்க வழக்கமா? அய்யர் சொன்ன மந்திரம் ஒரு எழுத்து விடாம காதுல விழுந்துது. மேளம் இருந்தா கேட்டிருக்குமா?”

“எல்லாம் காதுல விழுந்துச்சுங்களா?” என்றேன்.

“எல்லாம்” என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். “எங்க பொண்ணு கல்யாணத்துக்கும் நீங்கதான் வரணும்.”

நான் சாக்கை எடுத்துவந்து ஹார்ப்பைச் சுற்ற ஆரம்பித்தேன். தந்திகளுக்குள் விரலை விட்டு அரிசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, சாப்பிடப் போகிற வழியில் பெண் மாலையோடு என்னிடம் வந்து நின்றாள். கொஞ்சம் தள்ளி மாப்பிள்ளையின் தங்கை காத்திருந்தாள்.

“நான் சத்தமாச் சொல்லலையாக்கா?” என்று கேட்டாள்.

அவளுக்கு அந்த நிமிஷம் வரைக்கும் சந்தேகம் தன் தொண்டை மேலேதான். ஆமாம்மா, உன் குரல் எழும்பவில்லை என்று சொல்லியிருந்தால் தன்னையே நொந்துகொண்டு போயிருப்பாள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நல்லாத்தான் சொன்னே. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. கொட்டகையில சமைக்கிறவங்களுக்கும் கேட்டுச்சு.”

அவள் பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். இலை நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாயசத்துக்கு இரண்டாம் தடவை கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா ஒவ்வொரு இலையாகக் குனிந்து உபசரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தங்கை வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“அப்ப மேளமே வச்சிருக்கலாமேக்கா” என்று சொல்லிவிட்டு அவளோடு போனாள்.